சாக்குருவிக்கு ஒரு பெட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

வெட்டியாக இல்லை. மூன்றாம் வருஷத்தோடு காலேஜை விட்டதிலிருந்து கல்பனா அக்காவுக்கு நான்தான் டிரைவர், டைப்பிஸ்ட், தலைவலி எல்லாம். அக்கா எங்கள் பேரூராட்சியில் ஐந்தாம் வார்டு கவுன்சிலர். கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று சமுதாயக் கூடத்துக்குப் போனோம். கல்யாணத்துக்கு விடுகிற கூடம், மராமத்து நடக்கிறது. வருகிற திங்கள்கிழமை மேல்சுவர்ப் பொந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கப் போகிறார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தேன். ஒரு பொந்தில் கூகை ஆந்தை, கூடவே மூன்று குஞ்சு. வெள்ளை மூஞ்சியோடு என்னைப் பார்த்துச் சீறின. இறங்கும்போது இரண்டு படி தவறிவிட்டது.

"பயந்துட்டியாலே?" என்றாள் அக்கா.

பயமா? வழுக்கிருச்சு.

பின்சுவரில் மரப்பெட்டி பொருத்தி, குஞ்சுகளை அதில் மாற்றிய பிறகுதான் அடைக்க வேண்டும் என்று அக்கா தீர்மானம் கொண்டுவரப் போகிறாள். இந்தப் பக்கம் கூகை குறைந்துகொண்டே வருகிறதாம். ஊரில் அதைச் சாக்குருவி என்பார்கள், அது கத்தின வீட்டில் சாவு விழுமாம். கல்யாண மண்டபத்தில் சாக்குருவி. அக்காவுக்கு அடுத்த எலெக்‌ஷன் வேண்டாம் போல.

பிப்ரவரி 6, வியாழன்

பேரூராட்சிக் கூட்டம். அக்கா தீர்மானத்தைப் படித்து முடிக்கவில்லை, அதற்குள் எட்டாம் வார்டு இருளப்பசாமி மாமா எழுந்துவிட்டார். வைகாசியில் அவர் மகள் கல்யாணம் இதே கூடத்தில்.

"சாக்குருவிக்கு ரூம் போட்டுக் குடுக்கணுமாக்கும். ஏசியும் மாட்டிருவோமா? எம்மவ கழுத்துல தாலி ஏறயில அது கத்துனா நீயா தாயி பதில் சொல்லுவ?"

"பகல்ல அது தூங்கும் மாமா. உங்க சொந்தக்காரங்க போடுற சத்தத்துல முழிச்சாத்தான் உண்டு."

அரிசிக்கடை பிச்சை முகம்மது பாய் அக்கா பக்கம். "கூகை எலியத் திங்கும். என் கடைப் பூனை பால் மட்டுந்தான் குடிக்கி."

பெட்டிக்குச் சொத்து வரி உண்டா என்று ஒருவர் கேட்டார். அதுவும் மினிட்ஸில் ஏறியிருக்கிறது. கடைசியில் கை தூக்கினார்கள். ஏழுக்கு ஏழு. தலைவர் சுப்புராஜ் ஒரு ஓட்டுப் போட்டால் முடிந்தது. போடமாட்டேன் என்றுவிட்டார்.

"ரெண்டு பக்கமும் நம்ம ஆளுக. திருவண்ணாமலைப் பெருமாள்ட்ட பூப்போட்டுப் பாத்துருவோம்."

வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, தனித்தனிப் பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தை எடுக்கணும். வெள்ளை வந்தால் சரி. பெண் பார்க்க, போர் போட இப்படிக் கேட்பார்கள். பேரூராட்சித் தீர்மானத்துக்குக் கேட்பது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை போகிறோம். அண்ணாமலையார் ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் இருக்கிற குன்று, அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பேர்.

பொட்டலம் கட்டுவது யார்?

"தனுசு கட்டட்டும். கவுன்சிலர் தம்பின்னாலும் அவனுக்கு எதுலயும் அக்கறை கெடையாது," என்றார் இருளப்பசாமி மாமா. யாரும் மறுக்கவில்லை. அக்காகூட.

பிப்ரவரி 7

மறுபடி ஏணியில் ஏறினேன். சும்மாதான். ஒரு குஞ்சு தலையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது. கிறுக்குப் பறவை.

பிப்ரவரி 8, சனி

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளிதான் வைத்தேன். எழுதிட்டேன், போதுமா?

மொட்டை போட வந்த ஒரு குடும்பத்துச் சின்னப் பாப்பா எடுத்தது. வெள்ளை. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் படியிறங்கும்போது திரும்பினேன். இருளப்பசாமி மாமா குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழையபடி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவரு வாயத் தொறந்தா அக்கா கதி என்ன? பெருமாளையே ஏமாத்துன குடும்பம்னு பேராயிரும். தீர்மானமும் போச்சு, குஞ்சும் போச்சு. எதுக்குலே உனக்கு இந்த வேல?

பிப்ரவரி 10, திங்கள்

பெட்டி மாட்டியாகிவிட்டது. மூன்றையும் நான்தான் மாற்றினேன். கையெல்லாம் கீறல். பொந்துகளை அடைத்தார்கள். மாமா வந்து நின்று பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினாலாவது தூங்குவேன்.

பிப்ரவரி 14

பெட்டிக்கு அடியில் எலி முடியும் எலும்புமாகக் கூகை கக்கின உருண்டைகள். தாய் வந்து இரை கொடுக்கிறது.

மாமா இன்னும் பேசவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா ரேஷன் கடைப் பஞ்சாயத்துக்குப் போயிருந்தாள். டீ கொடுத்தேன்.

"ரெண்டும் வெள்ள," என்றார்.

"ஏன் மாமா யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னா திரும்பப் போடணும். செவப்பு வந்துட்டா?" டீயை ஊதினார். "சோழபுரத்துல என் நெல்லப் போய்ப் பாரு. எலி வெட்டித் தள்ளிருக்கு. சபையில நான் சாக்குருவிக்குக் கை தூக்கினா சம்மந்தி வீட்ல அவிய கல்யாணத்தையே நிப்பாட்டிருவாக. அதான் எதுத்துப் பேசுனேன்."

"அப்ப எதுக்கு என்னயக் கட்டச் சொன்னீங்க?"

"பெறவு? நேர்மையான ஆளையா சொல்ல முடியும்?"

அக்காவிடம் நானே சொல்லணும். இன்றைக்கே. அவள் அடித்தாலும் சரி.

மாமா பலகையை வண்டியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவர் வயல் மோட்டார் ரூமில் கூகைக்கு ஒரு பெட்டி வைக்கணுமாம். பக்கத்து வயல்காரன் கேட்டால் புறாக்கூடு என்று சொல்லணுமாம். ரம்பம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்துதான் இதை எழுதுகிறேன். ஹாரன் அடிக்காரு. போறேன்.