வக்கீலம்மா வேஷம்

10-2-1957, ஞாயிறு
ஹட்டனில் படம் பார்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து லயத்துப் பெண்கள், வரிசை வீட்டுக்காரர்கள். கதாநாயகி வக்கீல். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தன்னைக் கைவிட்ட புருஷனையே கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். ஒரு இடத்தில்கூட அழவில்லை. எனக்கு ஏமாற்றம். என் மனைவி நாகலெட்சுமி வீடு வரும்வரை அந்தக் கேள்விகளையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பயமாக இருக்கிறது.

17-2-1957
தோட்டத் திருவிழா நாடகத்துக்குக் கூட்டம். பன்னிரண்டு வருஷமாகக் கதாநாயகி நான்தான். மற்ற நாளில் தேயிலை ஃபேக்டரி வேலை, திருவிழா என்றால் சேலையும் சவுரியும். இந்தப் பழனியாண்டி அழுதால் தோட்டமே அழும் என்பார்கள். இந்தத் தடவை வக்கீல் கதைதான் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்களாம். பள்ளிக்கூட வாத்தியார் சிவசாமி எழுதியும்விட்டார். நல்லவேளை, வேஷம் எனக்குத்தான்.

2-3-1957
ஒத்திகை. புருஷன் வேஷக்காரன் அதட்டினான். நான் உடனே காலில் விழுந்துவிட்டேன். பழக்கம்! வக்கீல் விழக்கூடாது என்றார் வாத்தியார். மறுபடி அதட்டினான், மறுபடி விழுந்தேன். அடுத்த தடவை சுதாரித்துக்கொண்டு திரும்பி, நீதிபதி காலில் விழுந்தேன்.

3-3-1957
முழங்கால் வலி.

9-3-1957
லெட்சுமி ஒத்திகைக்கு என் சேலையைக் கொண்டுவந்தாள். நான் கீழே கிடந்த நேரத்தில், வாசலில் நின்றபடியே வக்கீல் வசனம் முழுவதையும் சொன்னாள். வீட்டில் நான் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாம். புருஷன் வேஷக்காரன் ஓரடி பின்னால் போனான். "இதுதான்பா வக்கீல்" என்றார் வாத்தியார். அப்போ நான் யாரு?

10-3-1957
வீட்டில் சண்டை. மேடை ஏறினால் மானம் போய்விடும் என்றேன்.
"பன்னெண்டு வருசமா நீங்க பொம்பள வேசம் கட்டுறீங்க, மானம் போகல. பொம்பள நான் கட்டுனா போயிருமா?" என்றாள்.
சாப்பிடாமல் படுத்தேன். பிறகு எழுந்து சாப்பிட்டேன்.

12-3-1957
தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி கந்தப்பனும் முடியாது என்கிறார். பொம்பளை ஏறினால் மேடையையே பிரித்துவிடுவாராம். வாத்தியார் ஒரு வழி சொன்னார். லெட்சுமி நடிக்கட்டும், பெயர் மட்டும் பழனியாண்டி. பவுடரை அப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆக, பெண் வேஷம் கட்டிய நானாக என் மனைவி நடிக்கப் போகிறாள். தலை சுற்றுகிறது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன் — இன்றைக்கும் நீதிபதி காலில் விழுந்தேனே.

24-3-1957, ஞாயிறு
நாடகம் நடந்தது. லெட்சுமிக்குக் காய்ச்சல் என்று லயத்தில் சொல்லிவைத்தோம். நான் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கங்காணிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஃபேக்டரி அதிகாரி ஐயாவின் கறுப்பு மழைக்கோட்டில் அவள் வந்தாள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற அதே நடை. கங்காணி பக்கத்து ஆளிடம், "பழனியாண்டி நல்லாத்தான் பேசுறான். ஆனா பொம்பள நடை வரலியே" என்றார். கம்பளியை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் அவள் கேட்ட கேள்வியில் புருஷன் வேஷக்காரன் வசனத்தை மறந்து, நிஜமாகவே மன்னிப்புக் கேட்டுவிட்டான். சனம் எழுந்து கைதட்டியது. கங்காணி மாலையோடு மேடை ஏறி, பழனியாண்டி மாதிரி ஒரு ஆம்பளை இந்தத் தோட்டத்தில் இல்லை என்றார். அந்தக் கைதட்டல் என்னுடையது அல்ல. பேசாமல் இருந்தால் என்னுடையதாகிவிடும். கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். எழுந்து கம்பளியை விலக்கினேன்.

"கங்காணி ஐயா, பழனியாண்டி இங்க இருக்கேங்க. அது என் பொண்சாதி."

கங்காணி மாலையும் கையுமாக நின்றுவிட்டார். அடுத்தவன் மனைவி கழுத்தில் மாலை போட முடியுமா? சும்மா இறங்கத்தான் முடியுமா? லெட்சுமி அவர் கையிலிருந்து மாலையை வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். பெண்கள் பக்கம் எழுந்த சத்தம் ஃபேக்டரிச் சங்கைத் தோற்கடித்தது. மேடையை யாரும் பிரிக்கவில்லை.

7-4-1957
கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெற்றிலை பாக்கோடு இரண்டு பேர் வந்தார்கள். அங்கேயும் நடிக்க வேண்டுமாம். பெண் வேஷம் எத்தனை என்று லெட்சுமி கேட்டாள். நாலு என்றார்கள். "அப்ப நாங்க நாலு பேரு வர்றோம்" என்றாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் யார் என்று ஒருவர் விசாரித்தார்.

"வக்கீலம்மாவோட வீட்டுக்காரருங்க" என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் கவனித்தேன், என் பெயரைச் சொல்லவே இல்லை.