கேமராவுக்கு ஒரே எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? பத்து பாகாட் ஊரில், பள்ளி விடுதியில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் பள்ளிக் கணினியில் தங்காக்கில் உள்ள நம் வீட்டுக் கேமராவைத் திறந்து பார்ப்பேன் அல்லவா? இந்த வாரம் திரை கறுப்பாகவே இருந்தது. பதறிப்போய் விடுதித் தொலைபேசியில் அம்மாவை அழைத்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா, இடி இடிச்சிச்சு, மோடத்த கழட்டி வெச்சேன். அப்புறம் மாட்டிட்டேனே!" என்றார்.

விஷயத்தைக் கேட்ட தோழி ரூபிணி, "அலமாக்! இடிக்குப் பயந்து உங்கம்மா உன்ன வெளிய தள்ளிட்டாங்க லா!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அம்மா மோடம் என்று சொல்லும் அந்த ரௌட்டர் அணைந்து எரியும்போது கேமராவுக்கு வேறு முகவரி எண் கொடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் எனக்கு வழிகாட்ட நீங்கள் போட்ட போர்ட் ஃபார்வர்டிங்கோ பழைய எண்ணுக்கே அனுப்புகிறது. ரௌட்டர் அமைப்பில் கேமராவுக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி, அதையே போர்ட் ஃபார்வர்டிங்கிலும் எழுதிவிடுங்கள். பிறகு அம்மா எத்தனை இடிக்கும் கழற்றலாம். அவரைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. வாசல் கேட்டைப் பார்த்திருக்கும் கேமராவைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் திருப்பி வைக்க முடியுமா? கேட் தினமும் அப்படியேதான் நிற்கிறது அப்பா. நீங்கள் இருவரும்தான் அதில் வருவதே இல்லை.

படிப்பு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
கவிநிலா