சாரிடம் நான் பேசிவிட்டேன்

சென்னிமலை,
18.11.2024

அன்புள்ள மோகிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ "வணக்கமுங்க தாயே" என்று கேலி செய்வாய், செய். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமா?

நான் போனை அணைத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அது அடித்தால் எடுக்கவே மனம் வரவில்லை. பாதி அழைப்பு இன்டர்னல் மார்க் கேட்கும் பிள்ளைகள், மீதி நம் கைடு பொங்கியண்ணன் சார். அதனால்தான் கடிதம். விடைத்தாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இந்தக் கிளைக் கல்லூரியிலிருந்து வாரம் ஒரு வண்டி நம் டிபார்ட்மெண்டுக்கு வருகிறதல்லவா, அதில் கொடுத்துவிடுகிறேன். நீயும் அதிலேயே பதில் போடு.

டீச்சிங் அசிஸ்டென்ட் என்றால் ஆராய்ச்சிக்கு நடுவில் நாலு வகுப்பு எடுப்பது என்று நம்பி வந்தோமே, நினைவிருக்கிறதா? இப்போது செமஸ்டர் முடிவு. பிராக்டிகல் தேர்வுக்கு மைக்ரோஸ்கோப் துடைப்பதும் நான், ரெக்கார்டு நோட்டு பார்ப்பதும் நான், சார் பேரில் வந்த தாள்களைத் திருத்துவதும் நான். இத்தனைக்கும் நடுவில் டிசம்பர் பத்தொன்பதாம் தேதி டாக்டரல் கமிட்டி முன்னால் நின்று என் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை தவறினால் என் பிஎச்.டி. பதிவே ரத்தாகிவிடும். மஞ்சள் செடியின் இலைப்புள்ளி நோயோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியதெல்லாம் வீண்.

கடைசி அத்தியாயம் ஒரு வரி நகரவில்லை. பிள்ளைகளிடம் வைவா கேள்வி கேட்பதற்கு நடுவில் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறேன். இதை உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன். யோசனை ஒன்றும் வேண்டாம் மோகி. எதையாவது எழுதிக்கொண்டிரு, எனக்கு அது போதும்.

உன்
ரம்ஷா

கணபதி, கோவை,
25.11.2024

என் ரம்ஷா கண்ணு,

யோசனை வேண்டாம் என்று மோகனப்பிரியாவிடம் சொன்னால் அவள் வேறு எதைத்தான் கொடுப்பாள்?

கேள், எனக்குப் பதவி வந்திருக்கிறது. நான்தான் தீசிஸைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேனாம், அதனால் செமஸ்டர் கடைசியில் டீச்சிங் அசிஸ்டென்டுகள் மனம் தளராமல் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். புதன்கிழமை முதல் கூட்டம். வெளியிலிருந்து ஒருவர் வந்தார். எல்லோரும் கண்ணை மூடி ஓர் ஆற்றங்கரையை நினைக்கச் சொன்னார். நம் டிபார்ட்மெண்ட் ஜெரோம் நிஜமாகவே தூங்கி, குறட்டையும் விட்டான். பிறகு பன்னும் டீயும். மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அது மட்டும் எங்கள் குழுவின் வேலை இல்லையாம்.

நான் அப்படி ஆற்றங்கரை காட்ட மாட்டேன். உன் தாள் கட்டுகளை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். கனிஷ்கா ஆராய்ச்சியில் முதல் வருடக்காரி, அடுத்த வாரம் முழுவதும் அங்கே வந்து உன் வகுப்புகளை எடுப்பாள். பேசிவிட்டேன். நீ மறுக்காதே. அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொடுத்திருக்கிறார். பங்கு போடாமல் நீயே தின்னு.

உன்
மோகி

சென்னிமலை,
2.12.2024

அன்புள்ள மோகிக்கு,

கச்சாயம் வந்தது. டப்பாவைத் திறந்ததுதான் தெரியும், ஹாஸ்டல் பிள்ளைகள் பாதியைக் காலி செய்துவிட்டார்கள். அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

தாள் கட்டுகள் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். கனிஷ்காவும் வந்துவிட்டாள். நல்ல பெண், சத்தமாகப் பேசுகிறாள். நான் அறையில் இருக்கிறேன். நேரம் கிடைத்தது, எழுத்துதான் வரவில்லை. ஒரு கட்டுத் தாளில் ஒரு பிள்ளையாவது வேரின் குறுக்குவெட்டைச் சுத்தமாக வரைந்திருக்கும். அதைப் பார்க்கிறபோது நான் இந்த வேலைக்கு லாயக்கானவள் என்று கொஞ்ச நேரம் தோன்றும். அதையும் கட்டி உன்னிடம் அனுப்பிவிட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஒரு நல்ல செய்தி. நேற்று நாலு பக்கம் வந்தது. மோசமான நாலு பக்கம்தான், ஆனாலும் வந்தது. பத்தொன்பதாம் தேதி எப்படியும் போய் நிற்பேன். திட்டினால் திட்டட்டும், கேள்வி கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்வேன். நீ சாரிடம் மட்டும் என்னைப் பற்றி எதுவும் பேசிவிடாதே.

உன்
ரம்ஷா

கணபதி,
9.12.2024

என் ரம்ஷா கண்ணு,

மழையால் போன வாரம் வண்டி வரவில்லை. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. பேசாதே என்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமையே சாரிடம் பேசிவிட்டேன். கோபப்படாதே, முழுவதும் படி, நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது.

நீ படும் பாட்டையெல்லாம் சொன்னேன். பாத்ரூமில் அழுவதையும் சொன்னேன். சொல்லாவிட்டால் அந்த மனிதருக்கு எப்படி உறைக்கும்? கத்துவார் என்று பயந்துகொண்டே நின்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? அந்தப் புள்ள ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுக்கட்டுங்க. கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். ரம்ஷா, அவர் மனசார வருந்தித்தான் சொன்னார்.

கமிட்டியைத் தள்ளிவைத்தால் பதிவு என்னவாகும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பதிவு ரத்தாகாது என்று எழுதிக் கொடுங்கள் என்று கைடிடம் யார் கேட்பது? கேட்டால் அவர் வார்த்தையை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி கவலையை விடு. கோட்டைமேட்டுக்குப் போய் உன் அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கு.

உன்
மோகி

கோட்டைமேடு, கோவை,
21.12.2024

மோகனப்பிரியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகும் நான் பத்தொன்பதாம் தேதி போனேன். அத்தியாயம் முடிந்திருந்தது. மதியத்துக்கு மேல்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நான் எழுந்து நிற்பதற்குள் சார் பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்லீங்க. வைவா நடுவுல போயி அழுதுட்டு வர்றாங்க. பாடம் கனிஷ்கா எடுக்கறாங்க, பேப்பர் இவங்க ஃப்ரெண்டு திருத்தறாங்க. இதுக்கு மேல நாம வற்புறுத்துனா பாவமுங்க."

மிகவும் அன்பாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் நகர்த்தி வைத்தார். மஞ்சளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் அவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. உடல்நிலை காரணமாகப் பதிவை ரத்து செய்யலாம் என்று முடிவானது.

அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். நேற்று முழுவதும் கடை திறக்கவில்லை.

உன் மேல் கோபமில்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன். நான் உன்னிடம் கேட்டது, என் புலம்பலைக் கேட்க ஓர் ஆள். நீ என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டாய். என் வகுப்பை எடுத்தாய், தாளை எடுத்தாய், கடைசியில் என் அழுகையையும் எடுத்துக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாய். நீ கெட்டவளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரம்ஷா

கணபதி,
2.2.2025

அன்புள்ள ரம்ஷாவுக்கு,

ஜனவரியில் எழுதிய எதற்கும் பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாரிடம் போனேன். கமிட்டியிடம் பேசுகிறேன் என்றீர்களே என்று கேட்டேன். "பேசுனனேங்க அம்மணி, அந்தப் புள்ள நல்லதுக்குத்தானுங்க" என்றார். அவர் அதை நம்புகிறார். அவர் முகத்தில் நான் என்னையே பார்த்தேன், வெளியே வந்துவிட்டேன். குழுப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். உன் பதிவுக்காக மனு கொடுத்துப் பார்த்தேன். உடல்நிலை என்று எழுதியதை மாற்றினால் கமிட்டி பொய் சொன்னதாகிவிடுமாம்.

நேற்று உக்கடத்தில் பஸ் இறங்கி உன் வீட்டுக்கு வந்தேன். நீ தூங்குவதாக உன் அம்மா சொன்னார். டீ கொடுத்தார், பிஸ்கட் வைத்தார், என் அம்மாவைப் பற்றி விசாரித்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நீ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. இருவரும் டீயைப் பற்றிப் பேசினோம்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒத்தாசைதான் பண்ணுனீங்க, எனக்குத் தெரியுமுங்க. ஒரு மாசமா வாயத் தொறக்காம இருந்தவ, இந்த வாரந்தான் எங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசறா. உங்க கடிதாசி வந்த அன்னிக்கு மறுபடி அப்படியே படுத்துக்கறா. இனி வர வேண்டாங்க கண்ணு."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னார், ரம்ஷா. சரிங்கம்மா என்றேன். இதை உன் பெயருக்கு அனுப்பவில்லை. உன் அம்மாவுக்கு அனுப்பி, உனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன். இனி நான் எழுத மாட்டேன். நீ வீட்டாரிடம் பேசு.

மோகனப்பிரியா