பன்னிரண்டு பேரின் ராஜா

கர்த்தருக்குள் அன்பான என் லிஜிக்கு,

சர்ச் நாடகத்தில் எனக்கு என்ன வேஷம் என்று கேட்டுச் சிரித்தாயே! லூத்தர் வேஷம் பெனிட்டோவுக்கு. நான் அவர் பக்கம் நின்ற ஒரு ஜெர்மன் குறுநில மன்னன். கையளவு நாடு, ஒரே வசனம். பேரரசர் முன் முழங்காலிட்டு, "வேதத்தை விடுவதைவிட என் தலையை விடுவேன்" என்று சொல்ல வேண்டும். அவர் அசந்துபோய், "தலையெல்லாம் வேண்டாம், பிரபுவே" என்பார்.

செவ்வாய்க்கிழமை துபாய் ஜெபல் அலி சைட்டில் வெயில் கொதித்தது. கோடையில் மதியம் வெளியே வேலை கூடாது என்பது இங்கே சட்டம். அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்து, "யல்லா, சீக்கிரம் உன் ஆட்களைக் கிளப்பு" என்றார். ஃபோர்மேன் என்றால் பன்னிரண்டு பேருக்கு ராஜா அல்லவா? நிழலில் படுத்திருந்த அம்மையப்பன் பயந்து எழுந்தான்.

"நீ படுடே" என்றேன். மேனேஜரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், "இந்த வெயில்ல இவனுவள இறக்க மாட்டேன். வேணும்னா என்னை ஊருக்கு அனுப்புங்க" என்றேன். முழங்காலிடவில்லை, லிஜி. நின்றுகொண்டேதான் சொன்னேன். ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை.

எங்கள் பேரரசர் தன் வசனத்தைப் படித்திருக்கவில்லை; ஊருக்கு டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

ராஜா அங்கியைச் சர்ச்சில் ரெஜினிடம் கொடுத்துவிட்டேன். அக்டோபரில் நாடகத்தில் அவன் நடிக்கட்டும். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வா. ஏன் சீக்கிரம் வந்தேன் என்று உன் அண்ணன் கேட்டால், லீவு என்று சொல். நம் மகள் கேட்டால் மட்டும் இந்த மன்னன் கதையைச் சொல்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து வரும்
உன் குறுநில மன்னன்