அம்மாவுக்கு மறதி இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அந்த ஊர்க் குளிரில் நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் கோச் போன் செய்தார். போட்டியன்று உன்னிடம் எடுத்த சிறுநீரில் தடை செய்த மருந்து இருந்ததாம், நெஞ்சுத் துடிப்பைக் குறைத்து வில் பிடிக்கிற கை நடுங்காமல் வைக்கிற மருந்தாம். பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அப்போது என் கையில் அம்மாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை இருந்தது, அதிலும் அதே பெயர். நீ லீவில் வந்துபோன வாரம் காணாமல் போன இரண்டு அட்டைகள் எந்தப் பெட்டியில் ஏறிப் போயின என்று அப்போதுதான் விளங்கியது. சீ என்று போனை வைத்துவிட்டேன்.

எடுத்ததைக்கூடப் பயத்தில் செய்த தப்பு என்று விழுங்கியிருப்பேன். போன வருடம் கடைசி அம்பில் உன் கை நடுங்கி வெண்கலம் போனபோது டிவி முன்னால் உட்கார்ந்து நானும்தான் அழுதேன். ஆனால் நீ அட்டைகளை எடுத்துப்போன பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியும். அம்மாதான் மாத்திரை போட்டதை மறந்து மறுபடி மறுபடி போட்டிருக்கிறாள் என்று அவளைத் திட்டி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஞாபகத்தைச் சோதிக்க நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், பயத்தில் எழுபத்தொன்பதில் நின்றுவிட்டாள். அன்றிலிருந்து மாத்திரையைப் பீரோவில் பூட்டி, தினமும் ஒன்று கொடுத்து, முழுங்கினாயா வாயைத் திற என்று குழந்தையைப் போல நடத்தினேன். அடுப்பை அணைத்தோமா என்று அவள் ஐந்து தடவை எழுந்துபோய்ப் பார்ப்பாள். இதையெல்லாம் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அம்மாவைத் தனியா விடாதீங்கப்பா, வயசாகுதில்ல" என்றாய். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

இப்போது கோச் ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறார். "ஞாபகமறதியால் நான்தான் என் மாத்திரைகளை மகளின் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டேன்" என்று அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம், மறதி என்று டாக்டர் அன்று எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் நீ இந்தத் தடவை வாங்கிய வெண்கலம் தப்புமாம். இது உன் யோசனையா அவர் யோசனையா என்று நான் கேட்கப்போவதில்லை. படித்து முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்போல இருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கடகடவென்று இரண்டு வரைக்கும் வந்து காட்டினாள். அப்புறம், "குடுங்க அந்தப் பேப்பரை, புள்ளையோட பத்து வருச உழைப்பு போயிடும்" என்கிறாள்.

நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைகளை அடுக்கிக் கட்டி, மொட்டைமாடியில் உனக்கு முதல் இலக்கு செய்து கொடுத்தவன் நான். கோட்டுக்கு வெளியே பட்ட அம்பை உள்ளே பட்டதாக நீ ஒரு நாளும் சொன்னதில்லை. ஐந்தாம் தேதி விசாரணைக்கு முன்னால் நீயே உண்மையைச் சொல்லிவிடு. இரண்டு வருடமோ நான்கு வருடமோ வில்லைத் தொடக்கூடாது என்பார்கள், வீட்டுக்கு வந்து இருந்துகொள். உனக்கு அடுத்து நான்காவதாக வந்த பெண்ணுக்கும் ஓர் அம்மா இருப்பாள்.

நன்றாக இரு என்றுதான் இப்போதும் வாயில் வருகிறது, பெற்ற வாய் அல்லவா. ஆனால் முதலில் அம்மாவுக்குப் போன் செய், நான்தான் எடுத்தேன் என்று உன் வாயால் சொல். கையெழுத்துப் போடுவதற்காக அவள் காலையிலிருந்து பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இருந்த பேனாக்களை எல்லாம் நான் ஒளித்து வைத்துவிட்டேன். "இங்கதானே வச்சேன், நெஜமாவே மறதி வந்துடுச்சோ" என்று இப்போது சமையலறையில் தனக்குத்தானே புலம்புகிறாள். நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்மேல் வந்த அருவருப்பு இப்போது என்மேலும் வருகிறது. சீக்கிரம் போன் செய்.

இப்படிக்கு,
அப்பா