விசிலடிக்கிற காரும் உன் அப்பாவும்

இலஞ்சி,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா எழுதுவது. குமாரர் கோயில் முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் உன் மகளும் சுகமாக இருக்கிறோம், அங்கே ஜம்முவில் நீயும் அஸ்ஸாமில் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கேம்பில் தினமும் சப்பாத்தி என்று சொன்னாயே, வயிற்றைப் பார்த்துக்கொள், உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளை லீவு முடிந்து வரும்போது பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸப்பில் எழுதினால் உன் மகள் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெருவுக்கே சொல்லிவிடுவாள். விஷயம் அவர்கள் இரண்டு பேரைப் பற்றியது. பாப்பாவை இனிமேல் தாத்தா காரில் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்பதுதான் அது. பெற்றவள் நீ, உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை. பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடைசிவரை படி.

நம்ம வெள்ளை மாருதி, நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கியது, சித்திரை மாதத்திலிருந்து விசிலடிக்க ஆரம்பித்தது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அது நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும், எதிர்வீட்டு நாய் எழுந்து ஊளையிடும். நான் சொன்னால் உன் அப்பா, அது ஒண்ணும் இல்லட்டி, உனக்குத்தான் காதுல என்னமோ இரையுது என்று என் மேலேயே திருப்பினார். ஆயுதப்படையில் ஜீப் ஓட்டின காலத்தில் பானெட்டைத் திறக்காமலே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லுவார் என்று இன்ஸ்பெக்டர்களே மெச்சிய ஆள், அந்தப் பெருமையிலேயே இருக்கிற மனுஷனிடம் என்ன பேச. பிறகு வண்டி சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறியது, பெட்ரோலைக் குடித்தது, ஒரு நாள் குற்றாலம் ஏற்றத்தில் நட்டநடு ரோட்டில் நின்றே போனது. சீசன் கூட்டம் வேறு. அருவியில் போட்ட எண்ணெயும் ஷாம்பும் தலையில் ஒழுக, ஈரத் துண்டோடு காரிலிருந்து எட்டிப் பார்த்து ஒவ்வொருத்தனும் திட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம்தான் பட்டறைக்குப் போகச் சம்மதித்தார்.

தென்காசியில் மந்திரமூர்த்தி என்று ஒருவனுடைய பட்டறை. தரையெல்லாம் கறுப்பு எண்ணெய்ச் சேறு, டீ டம்ளருக்குள் போல்ட்டு ஊறுகிறது, சுவர் முழுக்க பாக்கு எச்சில். சாமி படத்துக்கு மாலை மட்டும் புதுசு. ஆனால் கோளாறு என்னவென்று சரியாகத்தான் சொன்னான். கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் போகிற குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயராம், அது எஞ்சினோடு சேருகிற இடத்தில் இடுக்கை அடைக்கிற கேஸ்கட் போய்விட்டதாம், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றை இழுப்பதால்தான் விசிலும் உதறலும். கழற்றி மாற்றித் தருகிறேன் என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டான். எடுக்கப் போன அன்று பார்க்கிறேன், ஒரு போல்ட்டைக்கூடத் தொட்ட மாதிரி இல்லை, பழைய அழுக்கின் மேலேயே சிவப்புப் பேஸ்டைப் பிதுக்கி அப்பி வைத்திருக்கிறான். ஸ்டார்ட் பண்ணினான். விசில் அப்படியே இருக்கிறது. நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா முகத்துக்கு நேராக வந்து, சத்தம் நின்னுட்டா அண்ணாச்சி என்று கேட்டான். உன் அப்பா பானெட்டில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சுத்தமா நின்னுட்டுலே, நீ கைராசிக்காரன்லே என்றார். விசில் என் காதைக் குடைந்துகொண்டிருக்கிறது செல்வி. அந்தப் பாவி பின்னால் நின்ற இரண்டு பேரைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். அதோடு விட்டானா, அவர்களுக்கு வேடிக்கை காட்ட இன்னொரு தடவை, நல்லாக் கேளுங்க அண்ணாச்சி, கொஞ்சமாவது கேக்கா என்றான். ஒண்ணும் கேக்கலலே என்றார் உன் அப்பா. மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வேலை நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானா. உன் அப்பாவுக்குக் காது போய்விட்டது, வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்குத் தெரியுமுன் அந்த எச்சில் துப்புகிறவன்களுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்ததும் அவன்களுக்குத் தோன்றினது இதுதான். செருப்பைக் கழற்றியிருப்பேன். கழற்றினால் எதற்கு என்று உன் அப்பா கேட்பார், அதனால் வாயை மூடிக்கொண்டு விசிலடிக்கிற காரில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் என்னமோ விளையாட்டைச் சொல்லுவது போலச் சொல்லுகிறாள், பின்னால பஸ்ஸு ஹாரன் அடிச்சா தாத்தாவுக்குத் தெரியாதுல்லா ஆச்சி, நாந்தான் தோளத் தட்டுவேன், ஒரு தட்டு தட்டுனா பஸ்ஸு, ரெண்டு தட்டுனா லாரி என்று. முன்சீட்டில் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்க்கிற வயசில் அந்தப் பிள்ளை பின்னால் திரும்பித் திரும்பி லாரி பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. உன் அப்பா மேலேயும் எனக்கு வெறுப்புத்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். தோளைத் தட்டினால் ஒதுங்கத் தெரிகிற மனுஷனுக்கு, ஏன் தட்டுகிறாள் என்று தெரியாமலா இருக்கும். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஊரில் இத்தனை பேரை வாயால் அடிக்கிறவளுக்கு அன்றைக்கு மட்டும் வரவில்லை.

ஆனால் விசிலை அப்படியே விட எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டி இன்னும் உதறுகிறது என்று சொல்லி செங்கோட்டை ரோட்டில் முகம்மது சலீம் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். அவனும் ஒன்றும் தங்கக்கட்டி இல்லை, சிடுமூஞ்சி, இந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் சாமான் கிடையாது, எடைக்குப் போடுங்க என்றுதான் ஆரம்பித்தான். சத்தத்தைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காதே தம்பி என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். பேஸ்டைச் சுரண்டிக்கொண்டே, எந்தப் பய இத இங்கன அப்பி வச்சிருக்கான் என்று காறித் துப்பினான், அப்போதுதான் அவனை எனக்குப் பிடித்தது. எஞ்சினை ஓடவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மேனிஃபோல்டு ஓரமாகக் கொண்டுபோனான். மேலே போக வேண்டிய புகை வளைந்து இடுக்குக்குள் நூல் மாதிரி போகிறது. உன் அப்பா குனிந்து பார்த்தார். சலீம் பத்தியை நகர்த்தினான், அங்கேயும் உள்ளே போகிறது. விசில் நின்றுவிட்டது என்று அவர் தன் வாயால் சொன்ன அதே இடம். அவர் முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான் ரோட்டைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

சலீம் மேனிஃபோல்டைக் கழற்றிக் காட்டினான், சேருகிற முகம் கோணியிருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து மட்டமாக்கி, திருநெல்வேலியிலிருந்து கேஸ்கட் வரவழைத்து, நடுப் போல்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி மாட்டினான். ஸ்டார்ட் பண்ணினால் அப்படி ஒரு அமைதி, பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. உன் அப்பா தானே ஒரு பத்தியைக் கொளுத்திச் சுற்றிலும் பிடித்துப் பார்த்தார், புகை நேராக மேலே போனது. பிறகு என் பக்கத்தில் வந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஏட்டி, நின்னுட்டா என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். சலீமும் அவன் ஆட்களும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் காரைக் கழுவித் துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். பாப்பாவ இனிமே வேன்ல அனுப்பு, எனக்கு முட்டுப் பிடிச்சிட்டு, கிளட்ச மிதிக்க முடியல என்றார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மொட்டை மாடிக்கு இரண்டு இரண்டு படியாக ஏறித் துணி காயப்போட்டுவிட்டு வந்த மனுஷன். சாரல் காற்றுக்கு முட்டுப் பிடிக்கத்தான் செய்யும் என்றேன் நான். தைலமும் தேய்த்துவிட்டேன், முழங்காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நேற்று கடைத்தெருவில் அந்த மந்திரமூர்த்தி எதிரே வந்து அண்ணாச்சி சுகமா என்று பல்லைக் காட்டினான். அவன் காலடியில் துப்பிவிட்டு வந்தேன். நல்ல பொம்பளை செய்கிற காரியம் இல்லைதான், ஆனாலும் அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

பாப்பா வேனில் போய் வருகிறாள், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறாளாம், நீ கவலைப்படாதே. முட்டுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி உன் அப்பாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்க் காது டாக்டர் முன்னால் உட்காரவைப்பேன், அதை என்னிடம் விடு. நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டியில் கவனமாக இரு, மாப்பிள்ளையோடு போனில் சண்டை போடாதே. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிற காலம் சீக்கிரம் வர வேண்டும். முக்கியமான ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கத்தாதே, நிதானமாகப் பேசு, காது என்ற பேச்சையே எடுக்காதே, முட்டு வலி எப்படி இருக்குப்பா என்று மட்டும் கேள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
வள்ளித்தாய்.