நிரோஷாவின் ஐந்தாவது கேள்வி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மேகம் இறங்கிக் கிடந்தது. ஏழாம் நம்பர் மலையில் இரண்டு காட்டெருமை. பதினொரு மணிவரை யாரும் தேயிலைக் கொழுந்தெடுக்க இறங்கவில்லை. கம்பளி காயவில்லை.

இந்த நோட்டு நிரோஷாவுடையது. பின்பக்கம் காலி. அதில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். "எழுத்து மறந்துரும்மா, தினம் நாலு வரி எழுது" என்பாள் என் மகள். அவள் இருந்தபோது எழுதவில்லை.

அவள் போய் முப்பத்தாறு நாள். காய்ச்சல் என்று குன்னூருக்குப் போனோம். அங்கிருந்து கோயமுத்தூர். ஐந்தாம் நாள் கொண்டுவந்து சவுக்கு மரத்தடி மண்ணில் வைத்தோம்.

அவள் போனுக்கு இன்னும் சார்ஜ் போடுகிறேன். சாயங்காலம் அடித்தது. குன்னூர் படிப்பு மையத்துப் பெண்.

"நிரோஷாங்களா?"

"அவ அம்மாங்க."

"ஏனுங்கம்மா, எல்லாரும் அசைன்மென்ட் குடுத்துட்டாங்க, இவங்க மட்டும் பாக்கி. பதினொன்னாந் தேதிக்குள்ள வரலைன்னா ஹால் டிக்கெட் வராது. பேரை எடுத்துருவாங்க. எங்கீங்க அவங்க?"

வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். குடுத்துருவாங்க என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. 

நவம்பர் 4, செவ்வாய்

மழை. அரை நாள்தான் வேலை.

அவள் பையைப் பிரித்தேன். இருந்தவை:
புத்தகம் நாலு, அட்டை போட்டது.
நீலப் பேனா இரண்டு, ஒன்று காலி.
தைலம்.
பஸ் டிக்கெட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. எதற்கு வைத்தாளோ.
அசைன்மென்ட், வெள்ளைத்தாளில், நூல் கோத்து.

எம்.ஏ. பொது நிர்வாகம், தபாலில், கடைசி வருடம். டீத்தூள் பாக்கெட் போடும் வேலைக்குப் போய் வந்து படித்தாள். அவள் அரிசி களைவாள், நான் அடுப்புப் பக்கம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி வாசிப்பேன். அவள் பதில் சொல்வாள். ஒரு வரி விட்டாலும் நான் "ம்ஹும்" என்பேன். "ஒனக்குப் புரியுதாம்மா?" என்று சிரிப்பாள். புரியாது. ஆனால் பாதி எனக்கு மனப்பாடம்.

அசைன்மென்டில் ஐந்து கேள்வி. நாலு முடித்திருக்கிறாள். ஐந்தாவது: படிநிலை அமைப்பின் நன்மைகளையும் குறைகளையும் எடுத்துக்காட்டுடன் விளக்குக. நன்மைகள் எழுதியாயிற்று. கீழே "குறைகள்" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

அவள் அப்பா பார்த்துவிட்டார். "அதையெல்லாம் கட்டி பரண்ல போடு புள்ள." சொல்லிவிட்டு அவரே ஒரு புத்தகத்தை எடுத்து, தூசி இல்லாத அட்டையைத் துடைத்தார். திரும்ப வைத்தார்.

நவம்பர் 6, வியாழன்

சாப்பிட உட்கார்ந்தபோது பாக்கியத்திடம் சொன்னேன். பக்கத்து வீடு. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்தெடுக்கும் செடி வரிசையில் பக்கத்து நிரையும் அவள்தான்.

"நீ எழுதிக் குடு அக்கா."

"நானா? என்ன பேசுற."

"நிரோ பொறந்தப்ப நீ எந்திரிக்க முடியாமக் கெடந்த. நாங்க ஆளுக்கு ரெண்டு பிடி ஒஞ் சாக்குல போட்டு ஒம் பேருக்கு நிறுத்தோமா இல்லியா? ஒம் பேரை வெட்டுனாங்களா?"

வெட்டவில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். யாருக்கும் முடியாமல் போனால் இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் அவள் பேருக்கும் சேர்த்து எடுப்பார்கள். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி. என் அம்மா காலத்தில் சிலோன் தோட்டத்திலும் அப்படித்தானாம்.

பாக்கியம் இட்லி ஒன்றை என் டப்பாவில் போட்டாள். சாப்பிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. துணி துவைத்தேன். கேஸ் தீர்ந்தது.

மத்தியானம் உட்கார்ந்தேன். அவள் எழுத்து மாதிரி எழுதப் பார்த்தேன். வரவில்லை. அவள் எழுத்து நேராக நிற்கும், என்னுடையது சரியும். ரஃப் நோட்டில் ஆறு தடவை. பிறகு தாளில்.

ஒரு நாள் அடுப்படியில் அவள் சொன்னதைத்தான் எழுதினேன். லயத்து வரிசை வீடுகளில் கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் கங்காணியிடம் சொல்வோம். கங்காணி ஆபீசரிடம் சொல்வார். ஆபீசர் துரைக்கு எழுதுவார். துரை மேலே எழுதுவார். அங்கிருந்து ஆள் வந்து பார்க்கும்போது வெயில் காலம். கூரை ஒழுகவில்லை என்று எழுதிக்கொண்டு போவார். இது ஒரு குறை.

முக்கால் பக்கம் வந்தது. இரண்டரை மணி நேரம். கொழுந்தெடுத்தால்கூட விரல் இப்படி வலிக்காது.

அவள் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.  டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை அதிகம்.

நவம்பர் 11, செவ்வாய்

லீவு. ஏழரை பஸ். படிப்பு மையம் மாடியில்.

அந்தப் பெண்ணுக்கு நிரோ வயதுதான் இருக்கும். தாளைப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது கேள்வியில் நின்றாள்.

"எழுத்து மாறுதுங்களே. இது யாருங்கம்மா எழுதுனது?"

"நான்தானுங்க."

"ஏன், அவங்க எழுதலீங்களா?"

எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து சொந்தக்காரர்களுக்கு போன் பண்ணியதும் நிரோ அப்பாதான். இத்தனை நாளில் யாரிடமும் என் வாயால் சொல்ல வேண்டி வரவில்லை.

"செத்துப் போயிட்டாங்க" என்றேன். என் குரல் மாதிரி இல்லை.

அவள் பேனாவை மூடினாள்.

"அன்னிக்கு போன்ல வேலைக்குப் போயிருக்காங்கன்னு..."

"பொய்தானுங்க. பேரை எடுத்துருவோம்னு சொன்னீங்க. எங்க தோட்டத்துல முடியாதவ பேருக்கு நாங்க எடுத்துப் போடுவோங்க. அதான்."

"இங்க அப்படிப் போட முடியாதுங்கம்மா." மெதுவாகத்தான் சொன்னாள்.

பிறகு அந்த முக்கால் பக்கத்தையும் படித்தாள். கூரை வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். ஒரு கடிதமும். நகல் பையில் இருந்தது. எங்கே போனாலும் அது பையில் இருக்கிறது. கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். லயத்துக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நிரோ. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அனுப்புநர் இடது பக்கம், பிறகு பெறுநர். பொருள் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

பொருள்: என் மகள் நிரோஷா பரீட்சை எழுத வர மாட்டாள் – தெரிவித்தல் – சார்பாக.

"இது போதுங்களா?"

"போதுங்கம்மா."

அசைன்மென்டைத் திருப்பிக் கொடுத்தாள். படி வரைக்கும் கூட வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. வெலிங்டன் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் கேரட் மூட்டையோடு இருந்த அம்மா தன் முந்தானையைக் கொடுத்தாள்.

நவம்பர் 12, புதன்

வேலை. எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 6, சனி

நல்ல வெயில். காலையில் புல்லில் உறைபனி.

இன்றைக்குத்தான் அவளுடைய பரீட்சை. பத்திலிருந்து ஒன்று. லீவு போடலாம் என்று நினைத்தேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. வேலைக்குப் போனேன்.

பாக்கியத்திடம் இரண்டு தடவை மணி கேட்டேன். பத்து என்றாள். கை கொழுந்தில் இருக்கும்போதே வாய் தானாகக் கேட்டது: "படிநிலை அமைப்பு என்றால் என்ன?"

"யாரைக்கா கேக்குற?"

"ஒன்னத்தான்."

"என்னையா? நான் மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கலையே."

"மேல யாரு, கீழ யாருன்னு சொல்லு. அவ்வளவுதான்."

பாக்கியம் ஒரு செடி முழுக்க எடுத்து முடித்தாள்.

"மேல தொரை. தொரைக்குக் கீழ ஆபீசரு. அவருக்குக் கீழ கங்காணி. கங்காணிக்குக் கீழ நாம."

"நமக்குக் கீழ?"

"நமக்குக் கீழ யாருக்கா இருக்கா? மண்ணுதான்."

சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. அந்த மலையிலிருந்து பார்த்தால் சவுக்கு மரம் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சரி என்றேன். ஒரு மணிவரை நேரம் இருந்தது. அடுத்த கேள்வி கேட்டேன்.